புறத்திருத்தொண்டன்: எந்தப் புறம்?



நினைவுச் சொற்பொழிவு என்றால் வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியரை அழைத்து, சால்வை போட்டு, பேச வைப்பது நம் வழக்கம். இந்த ஆண்டு அதை மாற்றியிருக்கிறோம். மன்றத்தின் வாசிப்பு வட்டத்தில் இருக்கும் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து எழுதியதை எங்களில் ஒருவர் வாசிக்கிறார். குரல் ஒன்று, பேச்சு ஏழு பேருடையது. தப்பு இருந்தால் அதுவும் ஏழு பேருடையதுதான்.

இப்படிச் செய்ய ஒரு காரணம் உண்டு. அய்யாவின் பெயரால் ஆண்டுதோறும் ஒரு கலைஞருக்கு விருது தருவது என்று போன பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். தொகைக்குச் சிக்கல் வரவில்லை, பெயருக்கு வந்தது. "என் பெயரை எதுக்கும் வைக்காதீங்க" என்று அய்யா உயிரோடு இருந்தபோதே சொல்லிவிட்டார். அதனால் வேறு பெயர் தேட வேண்டியிருந்தது. அப்போது ஒரு தோழர், "அய்யாவோட நோட்டுலயே ஒரு பெயர் இருக்கே, புறத்திருத்தொண்டர் விருதுன்னு வைப்போம்" என்றார். கேட்டவுடன் எல்லோருக்கும் பிடித்துப்போனது. நல்ல ஓசை, பழைய சொல், நம் கதையும் அதில் இருக்கிறது. கை தூக்கும் நேரத்தில் அய்யாவின் மகள் எழுந்து, "அப்பா அந்தச் சொல்லுக்குப் பக்கத்துல ஒரு கேள்வி போட்டிருக்காரு, அதுக்குப் பதில் தெரிஞ்சுக்கிட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத் தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. அந்தக் கேள்வியைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறோம்.

அய்யா தமிழாசிரியர். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டில் சொல் சேர்ப்பது அவர் பழக்கம். பல சொற்களுக்கு எதிரே பொருள் இருக்கும், சிலவற்றுக்கு ஊர்ப்பேச்சில் கேட்ட எடுத்துக்காட்டு இருக்கும். இந்தச் சொல்லுக்கு எதிரே இரண்டே வார்த்தைதான் இருக்கிறது: "எந்தப் புறம்?"

முதலில் சொல் எங்கே வருகிறது என்று பார்ப்போம்.

சுந்தரர் பாடிய திருத்தொண்டத் தொகை 11 பாடல்கள் கொண்டது. அடியார்களை வரிசையாகப் பெயர் சொல்லி, அவர்களுக்கு நான் அடியேன் என்று போகிற பதிகம். அதில் நந்தனார் நாளைப்போவார் என்ற பெயரோடு வருகிறார். பெயருக்கு முன்னே 'திரு' உண்டு, அதற்கும் முன்னே செம்மை என்ற சொல் உண்டு. அவ்வளவுதான். சாதி கிடையாது, ஊர் கிடையாது, நெருப்பு கிடையாது. ஏன் நாளைப் போவார், எங்கே போவார் என்பதுகூட இல்லை. சுந்தரர் காலத்துக் கேட்போருக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே ஆள் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து வருபவர் சோழர் காலத்து நம்பியாண்டார் நம்பி. திருநாரையூர்க்காரர், ஆதிசைவர். சுந்தரரின் தொகையை விரித்து, அடியாருக்கு ஒரு பாட்டு என்கிற கணக்கில் 89 பாடல்களில் திருத்தொண்டர் திருவந்தாதி செய்தார். நந்தனாருக்கும் ஒரு பாட்டு. ஆதனூர் என்ற ஊர்ப்பெயர் அதில் வந்துவிடுகிறது. தில்லை அம்பலத்தானின் அருள் வருகிறது. புலை நீங்கியது வருகிறது. மூவாயிரம் அந்தணர் கைகூப்பியதும், அவர் முனி ஆனதும் வருகின்றன. நமக்கு வேண்டிய சொல்லும் அந்தப் பாட்டில்தான் இருக்கிறது: புறத்திருத்தொண்டன்.

இங்கே எங்கள் வட்டத்தில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லிவிட வேண்டும். எங்களில் இளையவர் ஒருவர், "சுந்தரர் போவார்னு மரியாதையா சொன்னாரு, நம்பி போவான்னு சொல்றாரு, தொண்டன்னு சொல்றாரு, பாத்தீங்களா" என்று கொதித்துப்போனார். நாங்களும் கொஞ்ச நேரம் சேர்ந்து கொதித்தோம். பிறகு அந்தாதி முழுவதையும் புரட்டினோம். அரசராயினும் அந்தணராயினும் 'அன்' ஈற்றிலே பாடிவிட்டுப் போவது அந்த நூலில் சாதாரணம். செய்யுள் வழக்கு அது. அதை வைத்து நாம் ஒரு குற்றப்பத்திரிகை எழுதக் கூடாது. நம்மிடம் உண்மையான சாட்சியம் நிறைய இருக்கும்போது பொய்ச் சாட்சி எதற்கு?

சொல்லைப் பிரித்துப் பார்த்தால், புறம் கூட்டல் திருத்தொண்டன். மகரம் கெட்டு வல்லினம் மிகுந்து புறத்திருத்தொண்டன் ஆகிறது. திருத்தொண்டர் என்பது எல்லா நாயன்மாருக்கும் பொதுப்பெயர். நூலின் பெயரே அதுதான். 63 பேரும் திருத்தொண்டர்கள். அந்தப் பொதுப்பெயருக்கு முன்னே ஒட்டவைத்த 'புறம்' இவருக்கு வந்திருக்கிறது. 'திரு'வை எடுத்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். திருவும் இருக்கிறது, புறமும் இருக்கிறது. மரியாதையையும் கொடுத்து, நிற்க வேண்டிய இடத்தையும் காட்டுகிற சொல்.

சைவ மடங்களில் பாடம் கேட்ட பெரியவர் ஒருவரிடம் போய்க் கேட்டோம். அன்பாகத்தான் பேசினார், மோரும் கொடுத்தார். அவர் சொன்ன விளக்கம் இது: "தம்பிகளா, சித்தாந்தத்திலே சரியை, கிரியை, யோகம், ஞானம்னு நாலு படி. சரியைங்கிறது புறத்தொழில். கோயில் பெருக்குறது, பூத் தொடுக்குறது, விளக்கேத்துறது. கிரியை புறமும் அகமும். யோகம் அகத்தொழில். அதுமாதிரி உடம்பாலே தொண்டு செஞ்சவர்னு அர்த்தம். நீங்க நினைக்கிற மாதிரி இல்லே."

இலக்கணம் இதற்கு இடம் கொடுக்கிறது. ஒத்துக்கொள்கிறோம். ஆனால் உடம்பால் தொண்டு செய்ததுதான் காரணம் என்றால், உழவாரம் பிடித்து ஊர் ஊராகப் புல் செதுக்கிய அப்பருக்கு அல்லவா இந்தப் பட்டம் முதலில் போயிருக்க வேண்டும்? அடியார் துணியை வெளுத்துக் கொடுத்த திருக்குறிப்புத் தொண்டருக்குப் போயிருக்க வேண்டும். ஓடு வனைந்து கொடுத்த திருநீலகண்டருக்குப் போயிருக்க வேண்டும். அவர்களை அப்படி அழைக்கிற வழக்கம் நமக்குத் தெரிந்து கிடையாது. பெரியவரிடம் இதைக் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதுவும் சரிதான்" என்றார். நல்ல மனிதர்.

அப்படியானால் எந்தப் புறம்? சேக்கிழாரிடம் போனால் விடை கிடைக்கிறது. நம்பி ஒரு சொல்லில் அடைத்து வைத்ததை அவர் காட்சியாகவே விரித்துவிடுகிறார்.

பெரியபுராணத்தில் நந்தனார் வரலாறு 37 பாடல். அதில் முதல் பகுதியை நாம் போதிய அளவு படிப்பதில்லை. சினிமாவும் கீர்த்தனையும் நம்மை நேரே தில்லைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. சேக்கிழார் ஆதனூரில் கொஞ்சம் நிற்கிறார். புலைப்பாடியைக் காட்டுகிறார். அங்கே நந்தன் என்ன தொழில் செய்தார், எதைச் சாப்பிட்டார் என்று சொல்கிறார். கோயில்களில் இருக்கும் பேரிகை முதலான கருவிகளுக்குப் போர்வைத்தோல் கொடுத்தார். விசிவார் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். அருச்சனைக்குக் கோரோசனை கொடுத்தார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, கோயில் வாயிலுக்குப் புறத்தே நின்று ஆடினார், பாடினார் என்கிறார். புறம் என்பது வாசலுக்கு வெளியே. அகத்தொழில், புறத்தொழில் என்ற தத்துவம் எதுவும் இல்லை. கால் நிற்கிற இடம்.

இந்தப் பட்டியலை அய்யா எப்படிப் படித்திருப்பார் என்று நாங்கள் நிறைய யோசித்தோம். அவருடைய அப்பா மிருதங்கத்துக்கு மூட்டுப் போடுகிறவர். வலந்தலை, தொப்பி, இரண்டு பக்கமும் தோல் தேர்ந்தெடுத்து, ஊறவைத்து, மயிர் நீக்கி, வெட்டி, எருமைத்தோலில் வார் பிடித்து இழுத்துக் கட்டுகிற வேலை. ஒரு மிருதங்கத்துக்கு மாடும் ஆடும் எருமையும் வேண்டும். வேலை முடிந்ததும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வித்துவான் வீட்டுக்குப் போவது பத்து வயதுப் பையனான அய்யாவின் பொறுப்பு. தெருவழியே போக முடியாது, கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வித்துவான் கொல்லை வாசலில் வந்து நின்று, தட்டிப் பார்த்து, சுருதி சரியாக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, வாத்தியத்தை உள்ளே எடுத்துப்போவார். காசு திண்ணை ஓரத்தில் வைக்கப்படும். கோயிலில் கச்சேரி நடக்கும்போது அதே வாத்தியத்தின் சத்தம் மதிலைத் தாண்டி வெளியே கேட்கும். "எங்கப்பா போட்ட தோலு உள்ள இருக்கும், எங்கப்பா வெளிய இருப்பாரு" என்று அய்யா ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னார். அதை அவர் எழுதியதில்லை. நாங்கள்தான் இப்போது எழுதுகிறோம்.

2020இல் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்வோரைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். வெளியீட்டு விழாவுக்கு முதலில் ஒதுக்கப்பட்ட அரங்கம் மறுக்கப்பட்டு, வேறு இடத்தில் விழா நடந்தது நினைவிருக்கும். வாத்தியம் மேடை ஏறலாம், அதைச் செய்தவர் கதை ஏறக் கூடாது. ஆதனூருக்கும் சென்னைக்கும் தூரம் அதிகமில்லை.

ஆக, நந்தனின் தொண்டு எந்த வகையிலும் புறத்தொண்டு அல்ல. அவர் கொடுத்த தோல் உள்ளே ஒலித்தது. அவர் கொடுத்த நரம்பு சன்னதியில் இசைத்தது. கோரோசனை இலிங்கத் திருமேனிவரை போயிருக்கிறது. அதைவிட உள்ளே ஒரு பொருள் போக முடியாது. வெளியே நின்றது ஆள் மட்டும்தான். 'புறத்' என்ற முன்னொட்டு தொண்டுக்கு உரியது அல்ல, தொண்டனுக்கு உரியது. அய்யாவின் கேள்விக்கு இதுவே முதல் பதில் என்று நினைக்கிறோம்.

இதற்கு எதிர்ப்பதமும் அந்தக் கோயில் உலகத்திலேயே இருக்கிறது. அணுக்கன் என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். நெருங்கி நிற்பவன், அணுக்கத் தொண்டன். தில்லையில் திருவணுக்கன் திருவாயில் என்றே ஒரு வாயிலைச் சேக்கிழார் சொல்கிறார். ஒருவருக்கு நெருக்கத்தின் பெயரில் வாசல். இன்னொருவருக்கு வாசலின் வெளிப்பக்கமே பெயர்.

இன்னொருவர் இடையில் இருக்கிறார், அவரை மறந்துவிடக் கூடாது. திருநீலகண்ட யாழ்ப்பாணர். பாணர் குலம். அவரும் கோயில் வாசலில் நின்று யாழ் வாசித்தவர். திருவாரூரில் இறைவன் அவருக்காக வடக்குப் பக்கத்தில் வேறு ஒரு வாயில் வகுத்துக் கொடுத்தார், அவர் அந்த வழியே உள்ளே போய் வணங்கினார் என்கிறது பெரியபுராணம். வைணவத்தில் திருப்பாணாழ்வாரை ஒரு முனிவர் தோளில் தூக்கிக்கொண்டு அரங்கத்துக்குள் போனார் என்று கதை. பாணருக்குத் தனி வாசல், இன்னொரு பாணருக்குத் தோள், புலையருக்கு நெருப்பு. தீட்டுக்கும் ஒரு விலைப்பட்டியல் இருந்திருக்கிறது. தனி வாசலைப் பற்றி எங்களில் ஒருவர், "டீக்கடையில தனி டம்ளர் வச்ச மாதிரிதான்" என்றார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

நெருப்புக்கு வருவோம். நம்பியின் பாட்டில் நெருப்பு இல்லை. அருள் பெற்றார், புலை போனது, முனி ஆனார் என்பதோடு முடிந்துவிடுகிறது. நெருப்பை விரித்துச் சொல்பவர் சேக்கிழார். இரண்டாம் குலோத்துங்கன் காலம், பன்னிரண்டாம் நூற்றாண்டு. நந்தன் தில்லை எல்லையிலேயே நின்று, உள்ளே போக அஞ்சி, இரவும் பகலும் வலம் வருகிறார். இறைவன் கனவில் வந்து, தீயில் மூழ்கி முப்புரி நூல் மார்பரோடு வா என்கிறார். தில்லைவாழ் அந்தணரிடமும் கனவில் போய் நெருப்பு அமைக்கச் சொல்கிறார். அந்த நெருப்புக் குழி எங்கே வெட்டப்பட்டது தெரியுமா? தெற்கு மதிலுக்குப் புறத்தே, வாயிலுக்கு முன்னால். அதுவும் புறம்தான். உள்ளே போவதற்கான சடங்குகூட வெளியேதான் நடக்க வேண்டியிருந்தது.

குழியிலிருந்து எழுந்தவர் பூணூலும் சடையும் உள்ள மாமுனிவர். அவர்தான் கோயிலுக்குள் போகிறார். போனவர் திரும்பி வரவில்லை. அந்தணர்கள் தேடியும் காணவில்லை. ஆக, புறத்திருத்தொண்டன் ஒருபோதும் உள்ளே போகவில்லை. உள்ளே போனவர் வேறு ஒருவர். இந்தச் சொல்லுக்கு ஆயுள் மதில்வரைக்கும்தான்.

ஓமக்குளம் என்று இன்றும் சிதம்பரத்தில் காட்டுகிற இடம் அந்த நெருப்போடு சேர்த்துச் சொல்லப்படுவது. அதே ஊரில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். நெருப்புக்குழியின் பெயர் சொல்லப்பட்ட ஊரில் பிள்ளைகளுக்குச் சோறும் பலகையும் கொடுத்த அந்த மனிதரைப் பற்றித் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும். இன்றைக்கு நேரமில்லை.

இனி 'புறம்' என்ற சொல்லையே கொஞ்சம் பிடித்துப் பார்ப்போம். அய்யாவுக்குப் பிடித்த வேலை அது.

தமிழில் புறம் எப்போதும் இழிவாக இருந்ததில்லை. அகமும் புறமும் வாழ்வின் இரண்டு பக்கம், ஒன்று இன்னொன்றைவிடத் தாழ்ந்தது அல்ல. புறநானூற்றில் புறம் என்றால் வீரம், கொடை, சாவு, ஊர். சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரி இறுத்த காதை என்று ஒரு காதை உண்டு. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்கு வந்து மதிலுக்கு வெளியே தங்குகிற பகுதி. அந்தப் புறஞ்சேரி அறவோர் வாழ்ந்த இடம், துறவிகள் இருந்த இடம். கோவலனின் கெடுதி எல்லாம் மதிலுக்கு உள்ளேதான் காத்திருந்தது. சேரி என்ற சொல்லும் அப்போது சேர்ந்து வாழும் இடம் என்பதே. பார்ப்பனச் சேரியும் இருந்தது.

பிறகு எப்போது மாறியது? ஒரே நாளில் மாறியிருக்காது. ராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கில், இறை நீக்கிய இடங்கள் என்று ஊர்நத்தம், குளம், வாய்க்காலோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு என்று பதிவாகியிருக்கின்றன. நிலக்கணக்கு எழுதுகிறவர் கோபத்திலோ பக்தியிலோ எழுதுவதில்லை, இருப்பதை எழுதுகிறார். தீண்டாச்சேரி என்று கல்லில் வெட்டும் அளவுக்கு அது வழக்கில் இருந்திருக்கிறது. நம்பியின் புறத்திருத்தொண்டன் பக்தியின் கணக்கில் எழுதப்பட்டது, தீண்டாச்சேரி நிலத்தின் கணக்கில் எழுதப்பட்டது. இரண்டும் சோழ நாட்டு மண்ணில் எழுந்தவை.

சமயத்திலும் இதே வேலை நடந்தது. சைவ சித்தாந்தம் மற்ற நெறிகளை அகச்சமயம், அகப்புறச்சமயம், புறச்சமயம், புறப்புறச்சமயம் என்று அடுக்கியது. கடைசி வளையம், வெளிக்கும் வெளியே, பவுத்தருக்கும் சமணருக்கும் உலகாயதருக்கும். அயோத்திதாசர் நந்தனை அடியாராக ஏற்காமல் பவுத்த அரசனாக எழுதியது ஏன் என்பது இந்த இடத்தில் புரிகிறது. அவர் சொன்ன வரலாற்றை ஏற்கிறோமா என்பது வேறு கேள்வி. எங்களுக்குள்ளேயே அதில் ஒத்த கருத்து இல்லை. ஆனால் நந்தனைக் கோயில் வாசலில் நிறுத்தி வைத்த கதையை ஏற்க மறுத்து, அவரை நடுவில் உட்கார வைத்து ஒரு கதை சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. புறம் என்ற முன்னொட்டைப் பிடுங்கிப் போட்ட முதல் ஆட்களில் அவர் ஒருவர்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. சிவன் ஆடுகிற இடம் எது? புறங்காடு. சுடுகாட்டுக்குப் பழைய தமிழ்ப்பெயர் அதுதான். காரைக்காலம்மையார் பார்த்த ஆட்டம் அங்கே நடந்தது. தோல் உடுத்தி, சாம்பல் பூசி, எலும்பு அணிந்து, ஊருக்கு வெளியே பறையொலியில் ஆடுகிறவன். தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரிக்குப் பக்கத்திலேயே சுடுகாடு எழுதப்பட்டிருப்பதை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள். சாமியும் நந்தனும் அக்கம்பக்கத்துக்காரர்கள். புறத்தே ஆடிய சாமி உள்ளே போய்க் கருவறையில் இருக்க, புறத்தே ஆடிய தொண்டன் வாசலில் நின்றான். சாமி உள்ளே போனபோது யாரும் நெருப்பு மூட்டியதாகத் தெரியவில்லை.

இப்போது நிலம். சேக்கிழார் நந்தனைப் பற்றிச் சொல்லும்போது பறைத்துடவை என்று ஒரு சொல் போடுகிறார். துடவை என்றால் தோட்டம், பயிரிடும் நிலம். ஊர் பறைத் தொழிலுக்காக விட்ட நிலம் பறைத்துடவை. அதை உணவுக்கு உரிமையாகக் கொண்டவர் நந்தன். வெட்டியான் மானியம், பறை மானியம் என்று நம் தாத்தாக்கள் காலம்வரை இருந்த ஏற்பாட்டின் பழைய வடிவம். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புலவர் நந்தனைச் சொந்த உரிமையில் உண்டவராகத்தான் அறிந்திருந்தார். ஆண்டை கிடையாது. வேலை இருந்தது, வேலைக்கு நிலம் இருந்தது.

கோபாலகிருஷ்ண பாரதியார் 1861 வாக்கில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை வெளியிட்டபோது நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள் ஆகிவிட்டார். தில்லைக்குப் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் கெஞ்சுகிறார். நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவில் சாமி பயிரிட்டுக் கொடுத்தால்தான் அவருக்கு லீவு. கீர்த்தனை ஊரெல்லாம் பரவியது. பிறகு 1935இல் கே.பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தன் ஆனார்கள். பெரியபுராணத்தைப் படித்தவர் சிலர், கீர்த்தனை கேட்டவர் ஆயிரம், படம் பார்த்தவர் லட்சம். பாரதியாரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தஞ்சை மாவட்டத்தில் அவர் கண்ணால் கண்ட பண்ணையாளைத்தான் எழுதினார், அந்த ஆண்டையை இரக்கமில்லாதவனாகக் காட்டவும் செய்தார். ஆனால் எழுநூறு ஆண்டு இடைவெளியில் துடவை காணாமல் போய்விட்டது. கதையில் மட்டும் போனதா, மண்ணிலும் போனதா?

1891இல் செங்கல்பட்டில் திரெமென்ஹீர் எழுதிய அறிக்கையும், அதன் பின் 1892இல் வந்த நில ஆணையும் உங்களுக்குத் தெரியும். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது. அந்த நிலத்தை மீட்கக் கேட்டுப் போராடி 1994இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். இதே அவையில் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தியிருக்கிறோம். இன்றைக்கு நம் ஊர்க் குடிசைகள் பல நிற்கிற மண்ணுக்கு வருவாய்த்துறை வைத்திருக்கும் பெயர் என்ன? புறம்போக்கு. ஓடைப் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு. அய்யாவின் வீடே வாய்க்கால் புறம்போக்கில்தான் இருந்தது. பட்டா கேட்டு அவர் எழுதிய மனுக்களின் நகல்கள் நோட்டோடு ஒரு துணிப்பையில் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தோம், பதினொன்று. புறத்திருத்தொண்டனுக்குப் பக்கத்தில் "எந்தப் புறம்?" என்று எழுதியபோது அவர் எந்தப் புறத்தை நினைத்தாரோ.

சட்டப்படி கோயில் வாசல் திறந்து காலமாகிவிட்டது. 1939 ஜூலை 8இல் மதுரை, 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம். 2021இல் பயிற்சி பெற்ற எல்லாச் சாதியினருக்கும் அர்ச்சகர் வேலை என்று ஆணை கொடுத்தபோது அதில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் தீயில் இறங்காமல், நந்தனின் மக்களாகவே உள்ளே போனவர்கள். அவர்களை எந்தத் தொண்டன் என்று அழைப்பது?

விருதுக்கு வருகிறோம். எங்கள் ஏழு பேரில் நான்கு பேர் இந்தச் சொல்லை விருதுக்கு வைக்க வேண்டாம் என்கிறோம். இரண்டு பேர் வைக்கலாம் என்கிறார்கள். ஒருவர் இன்னும் யோசிக்கிறார். வைக்கலாம் என்பவர்களின் வாதம் லேசானது அல்ல. தலித் என்ற சொல்லும் நொறுக்கப்பட்டவர் என்பதுதானே, அதை நாம் நிமிர்ந்து சொல்லவில்லையா, பறை என்ற சொல்லை மேடையில் ஏற்றவில்லையா, அப்படியே புறத்தையும் ஏற்றுவோம் என்கிறார்கள். வேண்டாம் என்பவர்களின் பதில் இது. தலித் நாம் நமக்கு வைத்துக்கொண்ட பெயர். பறை நம் கைப்பொருள். புறத்திருத்தொண்டன், உள்ளே இருப்பவர் வாசலைப் பார்த்துச் சொன்ன சொல். உள்ளே நின்று பார்த்தால்தான் நந்தன் புறத்தே இருப்பார். ஆதனூரிலிருந்து பார்த்தால் கோயில் அல்லவா புறத்தே இருக்கிறது? சான்றாக இந்தச் சொல்லைப் பத்திரப்படுத்துவோம், பாடத்தில் வைப்போம், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். ஒரு கலைஞரை மேடைக்கு அழைத்து, அவர் கழுத்தில் இதைப் போட வேண்டாம். தோல் கட்டுகிற ஒருவருக்கு அந்த விருதைக் கொடுக்கும் நாள் வரும். அன்றைக்கு அவரைப் புறத்தொண்டர் என்று அறிவிக்க எங்கள் வாய் வராது.

மாற்றாக ஒரு பெயரையும் முன்வைக்கிறோம். துடவை. துடவை விருது. சேக்கிழார் நந்தனுக்குக் கொடுத்த நிலம். வாசிப்பு வட்டத்திலேயே இதற்கு எதிர்ப்பு உண்டு. "யாருக்கும் புரியாது, அச்சடிக்கிறவன் தவடைன்னு அடிச்சிடுவான்" என்று ஒரு தோழர் சொல்கிறார். புரியாதவர்கள் கேட்பார்கள், கேட்டால் சொல்லலாம் என்பது மற்றவர்கள் கட்சி.

வாக்கெடுப்பு அடுத்த பொதுக்குழுவில். வெளியூர் உறுப்பினர்கள் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பலாம். அய்யாவின் மகளிடம் அவர் கருத்தைக் கேட்டோம். விருதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டாவது மனுவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் வாசலருகே மேசையில் இருக்கும். படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.